இரண்டாவது இடுப்பு

அந்த ஆபரேஷன் தியேட்டர் கதவருகே நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. சொன்னதாக நான் நம்பும் வாக்கியம் ஒன்று இருக்கிறது. "அவன் உட்காரணும்னு சொன்னான்." அவ்வளவுதான். அப்படி எதையும் கேட்கவில்லை என்கிறார் டாக்டர் அனூப். நான் ஒரு கேள்வி கேட்டேன், அவர் பதில் சொன்னார், நான் தலையாட்டினேன் என்று அவருக்கு ஞாபகம். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த செல்லபாய் என்ற பாறசாலைக்கார அம்மா, நான் வாயே திறக்கவில்லை, இரண்டு கையையும் கூப்பினேன் என்று அடித்துச் சொல்கிறாள். எங்கள் மூன்று பேருக்குமே பொய் சொல்லக் காரணம் எதுவும் இல்லை. ஆகவே மற்றவற்றையும் நான் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பது நல்லது.

அழகியநம்பி என் மனைவி விஜயத்தின் தம்பி. தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை. அந்த வேலையை அவன் தேடிப் பிடித்ததற்கு ஒரே காரணம், அங்கே நாள் முழுக்க நிற்பவனை யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். இளவயதிலேயே முதுகில் பிடித்த வாதம் அது. எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டே போகும் வகை. முதுகு, பிறகு கழுத்து, கடைசியில் இரண்டு இடுப்பு மூட்டும். நாற்பதைத் தாண்டியபோது அவனால் நிற்க முடியும், படுக்க முடியும். இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு எதுவும் இல்லை.

எங்கள் வீடு ஆரியசாலையில். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான். விஜயம் அவன் தட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைப்பாள். ஃப்ரிட்ஜின் உயரம் அவனுக்குக் கச்சிதம். நின்றபடி குழம்பைப் பிசைந்துகொண்டே பேசுவான்.

"படம் பாக்கப் போனேன் அத்தான். பின்னால சுவரோரமா நிக்கேன். ஒருத்தன் வந்து டிக்கெட்டை நீட்டி, சேட்டா, டார்ச் அடிச்சு சீட்டைக் காட்டுங்கன்னு சொல்லுதான்."

"நீ என்ன செஞ்ச?"

"போன்ல லைட்டைப் போட்டுக் காட்டினேன். பின்னே? அவன் மட்டுமாச்சும் உக்காரட்டும்."

பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "வேண்டாம், அடுத்த ஸ்டாப்பில் இறங்கணும்" என்பான். கிழக்கேகோட்டையிலிருந்து எத்தனை ஸ்டாப் போனாலும் அதே பதில்தான். கழுத்தைத் திருப்ப முடியாததால், கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பான். லாட்ஜுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்தார்கள்.

இரண்டு இடுப்பையும் மாற்றலாம் என்று சொன்ன டாக்டர்கள் பலர் உண்டு. அறுவை சிகிச்சையில் அவர்களுக்குப் பயமில்லை. மயக்கம் கொடுக்கிற இடத்தில்தான் எல்லோரும் நின்றார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

கடைசியாகப் போன ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் ஸ்ரீலட்சுமி. கரமனை அக்ரஹாரத்துப் பெண். நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டதும் தானும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"வாயைத் தொறங்கோ பாக்கலாம். இன்னும். அவ்வளவுதானா?"

"இதுக்கு மேல பல்லு டாக்டரே தொறந்ததில்ல, மேடம்."

"மேல பாருங்கோ." அவன் கண்ணை மட்டும் மேலே தூக்கினான். அவர் சிரிக்கவில்லை. அவன் நெஞ்சில் கைவைத்து மூச்சு இழுக்கச் சொன்னார். நெஞ்சு அசையவில்லை. வயிறுதான் ஏறி இறங்கியது. இதயத்தில் ஒரு வால்வு கசிவதாக எக்கோ ஸ்கேனில் வந்திருந்தது. அதையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எனக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. எதையோ மறைக்கிற மௌனமாக அது தெரியவில்லை, யோசிக்கிறவரின் மௌனமாக இருந்தது.

"முதுகுல ஊசி போட வழியில்லை. எலும்பெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து மூங்கில் மாதிரி ஆயிடுத்து, ஊசி நுழையாது. முழு மயக்கம் கொடுத்தா உங்க மூச்சு நிக்கும். நிக்கறதுக்கு முன்னாடி மூச்சுக்குழாயில டியூப் போட்டாகணும். வழக்கமா கழுத்தை வளைச்சு, வாயைத் தொறந்து போடுவோம். உங்களுக்கு ரெண்டும் ஆகாது. அதனால முழிச்சிண்டு இருக்கச்சயே, மூக்கு வழியா, கேமரா வெச்சுப் போடணும். மரத்துப்போக மருந்து அடிப்பேன். ஆனா நீங்க முழிச்சிருக்கணும். நான் இழுங்கோன்னா மூச்சை இழுக்கணும்."

"முழிச்சிருக்கத்தான் மேடம் லாட்ஜில எனக்குச் சம்பளம்."

அப்போதுதான் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதை ரெண்டு தடவை செய்ய எனக்கு தைரியமில்லை. ஒரே மயக்கத்துல ரெண்டு பக்கமும் ஆயிடணும்" என்றார். பக்கத்தில் இருந்த, ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் அனூப்புக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அவர் சின்ன வயதுக்காரர், வேகமாகப் பேசுவார். மலையாளத்தில் அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். "ஒரு பக்கம் முடிப்போம். முடித்ததும் மேடம் முகத்தைப் பார்ப்பேன். போ என்றால் அடுத்த பக்கம். நில் என்றால் தையல் போட்டு வெளியே வந்துவிடுவோம். அங்கேதான் முடிவு செய்ய முடியும். இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது." நம்பி நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டான், இரண்டு இடுப்புக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை விஜயம் கீழே ஃப்ளாஸ்க் வாங்கப் போயிருந்தாள். வார்டில் நம்பி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றான். நான் கொண்டுபோயிருந்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன், ஆனால் படிக்கவில்லை.

"அத்தான். ஒண்ணு சொல்லுதேன், அக்காகிட்டச் சொல்லாதீங்க."

"சொல்லு."

"ஒண்ணோட நிப்பாட்ட விடாதீங்க. ஒரு காலு மடங்கி ஒரு காலு மடங்காம நான் எங்க போய் உக்கார? சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு நிக்கணும். அதுக்கு இப்படியே நிக்கலாம்."

"அது டாக்டருங்க பாத்துக்கிட வேண்டியது, நம்பி."

"கேப்பாங்க. ஏதாச்சும் இழுபறின்னா வெளிய வந்து கேப்பாங்க. அக்காவைக் கேட்டா அழுவா. நீங்க அழ மாட்டீங்க."

நான் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். கீழே ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வருவதற்காக ஆட்டோக்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம இருந்தீங்கன்னா சரின்னு எடுத்துக்கிடுவேன், கேட்டோ" என்றான்.

நான் பேசாமல்தான் இருந்தேன்.

மறுநாள் காலை அவனை ஸ்ட்ரெச்சரில் தியேட்டருக்குள் கொண்டுபோன பிறகு, லிஃப்ட் அருகே வைத்து விஜயம் என் சட்டைக் கையைப் பிடித்தாள். அவள் பழவங்காடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கணபதிக்கு இரண்டு தேங்காய் உடைப்பதாக வேண்டியிருந்தாள், இடுப்புக்கு ஒன்று வீதம். இரண்டையும் சேர்த்து உடைத்துவிட்டு வரலாமே என்று கேட்டுப் பார்த்தேன். சேர்த்து உடைத்தால் ஒரே வேண்டுதல் ஆகிவிடுமாம். முதலாவதைப் போனதும் உடைப்பாள். இரண்டாவதை, முதல் இடுப்பு நல்லபடியாக முடிந்த பிறகுதான்.

"முடிஞ்சதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் எடுக்க மாட்டேன், கையில தேங்காய் இருக்கும். ஒரு தடவை அடிச்சா போதும், புரிஞ்சுக்கிடுவேன்."

"சரி."

"இன்னொண்ணு. அங்க ஏதாச்சும், சின்னதா ஏதாச்சும் ஒண்ணுன்னாக்கூட, ஒண்ணோட மதி, போதும்னு சொல்லிருங்க. எனக்கு அவன் உக்கார வேண்டாம், ஓட வேண்டாம். ஃப்ரிட்ஜ் மேலயே சாப்பிடட்டும். இருந்தா போதும்."

லிஃப்ட் வந்தது. உள்ளே போய்க் கதவு மூடும் வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையசைத்தேனா என்பதும் இப்போது தெரியவில்லை. அசைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளும் ஒரு பதிலை எடுத்துக்கொண்டுதான் போனாள். பேசாதவனிடமிருந்து அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவது சுலபம். நான் வேலை பார்த்த ஏஜீஸ் ஆபீஸில் என் மேலதிகாரிகள் அதைத்தான் செய்துவந்தார்கள்.

காத்திருக்கும் ஹாலில் சுவரில் ஒரு டிவி. உள்ளே இருக்கிறவர்களின் பெயர்கள் அதில் ஓடின. நம்பியின் பெயர் பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை என்றால் ஆபரேஷன் நடக்கிறது, மஞ்சள் என்றால் முடிந்தது. என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குழாய் வரை நடந்தேன். திரும்பினேன். புத்தகத்தில் ஒரே பத்தியை மீண்டும் மீண்டும் படித்தேன். நின்று படித்தேன். டிவியில் அவன் பெயர் ஒருமுறை காணாமல் போய் மறுபடி வந்தது.

"அண்ணாச்சி, உக்காருங்க. நீங்க நின்னா உள்ள சீக்கிரம் முடிப்பாங்களோ?"

அப்படித்தான் செல்லபாய் அறிமுகமானாள். அவள் கணவர் ஞானையனுக்கு முழங்கால் மாற்றுகிறார்கள். மடியில் பைபிள், பக்கத்தில் ஒரு பெரிய சாப்பாட்டுத் தூக்கு.

"ஆருக்கு? மகனுக்கா?"

"மச்சினனுக்கு."

"என்ன ஆப்பரேஷன்?"

"இடுப்பு. ரெண்டும்."

"ரெண்டுமா? ஒரே நாளிலயா? கர்த்தாவே!" என்றவள் உடனே, நான் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "நல்லதுதான். எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு செய்யவே சம்மதிக்க வைக்க மூணு பாஸ்டர் வர வேண்டியிருந்து. ரெண்டாவதுக்கு நான் எங்க போவேன்?" என்றாள். தூக்கைத் திறந்து மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும் நீட்டினாள். நான் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். "அப்ப கப்பையை மட்டும் தின்னுங்க, மீனைப் பாக்காதீங்க." வாங்கி வைத்துக்கொண்டேன். தின்னவில்லை.

தியேட்டரின் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஹாலில் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பும். நர்ஸ் யாராவது ஒரு பெயரைச் சொல்லி, "பைஸ்டாண்டர் ஆரா?" என்று கேட்பாள். நோயாளிக்குத் துணை நிற்பவரை இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவன். அன்றைக்கு வரை அந்தச் சொல்லை நான் கவனித்ததில்லை.

"அழகியநம்பியுடெ பைஸ்டாண்டர்?"

நர்ஸின் பின்னால் அனூப்பே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். நெற்றியில் தொப்பி பதிந்த கோடு. வேகமாகப் பேசுகிறவர் அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"வலது பக்கம் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ரத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகம் போய்விட்டது. நடுவில் பிரஷர் விழுந்தது. இப்போது மருந்தில் ஏறி நிற்கிறது. மேடத்தைக் கேட்டேன். செய்யலாம், ஆனால் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன் என்கிறார். நிறுத்தினாலும் அவருக்கு ஆட்சேபமில்லை. நோயாளி இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், உண்மைதான். ஆனால் இப்படி ஒரு நிலைமை வரும் என்று தெரிந்து போட்டதல்ல. வீட்டில் யாரிடமாவது ஏதாவது சொல்லியிருக்கிறாரா? ஐந்து நிமிடம் பொறுக்கலாம். அதற்கு மேல் முடியாது."

நான் போனை எடுத்து விஜயத்தைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. கட் ஆனது. மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் அடித்துவிட்டுக் கட் ஆனது. மிஸ்டு கால் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். பழவங்காடியில் தேங்காய்கள் உடைபடும் சத்தத்துக்கு நடுவில் அவள் நிற்பதும், கையிலிருக்கும் இரண்டாவது தேங்காயைத் தலைக்கு மேல் தூக்குவதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது முறை கூப்பிட நான் முயலவில்லை.

அனூப் காத்திருந்தார். அவருடைய காலணி மேல் போட்டிருந்த நீலத் துணி உறையில் ஒரு பொட்டு ரத்தம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நிறுத்தச் சொன்னால் நம்பி ஒருவேளை விழித்தெழுவான், நின்றபடி வாழ்வான். சரி என்றால் எழாமலே போகலாம், எழுந்தால் உட்காருவான். அவனுக்கு எது பெரிது என்று அவன் சொல்லியிருந்தான். விஜயத்துக்கு எது பெரிது என்று அவளும் சொல்லியிருந்தாள். எனக்கு எது பெரிது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், இந்த ஹாலில் இன்னொரு முறை நிற்க முடியாது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு மிகத் தெளிவாக இருந்தது. அந்த எண்ணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் பதில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.

அதன் பிறகு நடந்ததைத்தான் மூன்று விதமாகச் சொல்கிறோம். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அல்லது, "நிறுத்தினால் பிறகு எப்போது?" என்று கேட்டேன். அனூப், "பிறகு ஒன்று இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த டியூப் உள்ளே போகப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அல்லது, கும்பிட்டேன். கதவு மூடியது என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டிவியில் அவன் பெயர் பச்சையிலேயே இருந்தது.

விஜயம் வந்தபோது நெற்றியில் குங்குமமும் கையில் உடைந்த தேங்காய்ச் சில்லுகள் போட்ட கவரும் இருந்தன.

"ரெண்டும் ஒவ்வொரு எறியிலயே சிதறிட்டுது. பக்கத்தில நின்ன ஆளு தேங்காய் உருண்டே போச்சு, பாவம்" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "என்ன?"

சொன்னேன்.

"பிரஷர் விழுந்துன்னா? விழுந்துட்டுதா?"

"மருந்துல ஏறிட்டுதாம்."

"மருந்துலன்னா அவனா நிக்கல்ல. மருந்து நிக்கிது. நீங்க என்ன சொன்னீங்க?"

"செய்யச் சொன்னேன்னு நினைக்கேன்."

"நினைக்கேனா?"

"உன்னைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். கட் பண்ணிட்ட."

"அது மிஸ்டு கால்!" ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். "மிஸ்டு கால்னு பேசி வச்சுட்டுப் போனா, பின்னே ஆராச்சும் எடுப்பாங்களா? ஆளனுப்பக் கூடாதா? உங்க வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"தங்கச்சி, சாரு பாவம், கை கூப்பிக்கிட்டு நின்னாரு" என்றாள் செல்லபாய்.

"நீங்க சும்மா இருங்கம்மா. அவரு கை கூப்புவாரு. எல்லாத்துக்கும் கை கூப்புவாரு."

பிறகு அவள் உட்கார்ந்தாள். நான் நின்றேன். சாயங்காலம் ஆனதும் டிவியில் அவன் பெயர் மஞ்சளாக மாறியது. அனூப் வந்து இரண்டும் ஆயிற்று என்றார். ஐ.சி.யூ.வில் டியூபோடுதான் வைத்திருக்கிறோம் என்றார். அவர் விஜயத்தைப் பார்த்துச் சொன்னார், அவள் என்னைப் பார்த்தாள்.

அடுத்து வந்த நாட்களைத்தான் என்னால் இன்னும் வரிசைப்படுத்த முடியவில்லை. டியூபைப் போடுவதைவிட எடுப்பதுதான் கஷ்டம் என்று ஸ்ரீலட்சுமி விளக்கினார். "எடுத்தப்புறம் மூச்சு முட்டித்துன்னா மறுபடி உள்ள போட வழி இல்லை. நன்னா முழிச்சு, நன்னா இருமி, தானா மூச்சு விடட்டும். அவசரப்பட்டா நான்தான் முட்டாள்." ஒவ்வொரு காலையும் இன்றைக்கு எடுப்பார்கள் என்று போவோம், மாலை இன்றைக்கில்லை என்று திரும்புவோம். ஒருநாள் காய்ச்சல். ஒருநாள் நெஞ்சில் சளி. வீட்டில் விஜயம் எனக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், போனை சார்ஜில் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சுகமான ஒன்று என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டபோது வீட்டில் எந்த அறையிலும் என்னால் நிலையாக இருக்க முடியவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒன்றும் வாங்காமல் நடந்துவிட்டு வருவேன்.

டியூபை எடுத்த அன்று காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர், தேவைப்பட்டால் கழுத்தில் துளையிடக் கத்தியோடு கட்டிலருகே நின்றாராம். தேவைப்படவில்லை. நம்பி முதலில் ஸ்ரீலட்சுமியிடம் சொன்னது, "செக் அவுட் எத்தனை மணிக்கு?" என்று. குரல் கரகரத்து, பாதி காற்றாகத்தான் வந்ததாம். அவர் எங்களிடம் வந்து அதைச் சொல்லும்போது சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அவனை முதன்முதலாக உட்கார வைத்த அன்று நாங்கள் இருவரும் இருந்தோம். இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் அவனைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, கால்களைக் கீழே இறக்கி, மெதுவாக நிமிர்த்தினார்கள். இடுப்பு மடங்கியது. அவன் உட்கார்ந்தான். நாங்கள் ஏதாவது ஜோக் வரும் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு, கழுத்து வளையாததால் கண்ணை மட்டும் தாழ்த்திக் கீழே பார்த்தபடி ரொம்ப நேரம் இருந்தான்.

"தரை பக்கத்தில வந்துட்டு" என்றான்.

விஜயம் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் பெண், "சேட்டா, இடது பாதத்தைத் தூக்குங்க" என்றாள். வலது பாதம் எழுந்தது. "அது வலது. இடது." அவன் முகம் சிவந்தது. இடது பாதம் அசையவில்லை. அறுவையின்போது நரம்பு இழுபட்டிருக்கும், சிலருக்கு இப்படி ஆவதுண்டு, தானாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் அனூப். எதையும் மறைக்காமல் சொன்னார்.

இடதுதான் இரண்டாவதாகச் செய்த இடுப்பு. நான் செய்யச் சொன்னது.

அன்றைக்கு ராச்சாப்பாட்டின்போது விஜயம் பேசினாள். "உங்க காலு வேலை செய்யல்லியாம்." அதுதான் அந்தக் காலின் பெயராகிவிட்டது. வலது கால் அவனுடையது, இடது என்னுடையது. நம்பி வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சுதான். "உங்க காலுக்குப் பெல்ட்டு மாட்டியாச்சா? உங்க காலு தடுக்கி விழப் பாத்தான்." நம்பிக்கு இது பெரிய வேடிக்கை. "அத்தான் காலு கொஞ்சம் அமைதியான காலு அக்கா. கூப்பிட்டாத் திரும்பாது, அத்தானை மாதிரியே."

ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தபோது அவனிடம் கேட்டுவிட்டேன்.

"நீ சொன்னதாலதான் நம்பி நான்..."

"நான் என்ன சொன்னேன்?"

"முந்தின நாள் சாயங்காலம். ஒண்ணோட நிப்பாட்ட விடாதீங்கன்னு."

அவன் என்னைப் பார்க்க உடம்பைத் திருப்பினான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி திருப்பினான். "அப்படியா சொன்னேன்?"

"சைக்கிள் ஸ்டாண்டுன்னு சொன்னியே."

"சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகம் இருக்கு. அது டாக்டர்கிட்டச் சொன்ன ஜோக்குன்னுல்லா நினைச்சேன்." தொடையைத் தடவிக்கொண்டான். "சொல்லியிருப்பேன், அத்தான். அன்னைக்குப் பயத்தில என்னென்னவோ சொன்னேன். வேண்டாம், ஓடிப் போயிரலாம்னு நர்ஸ்கிட்டக்கூடச் சொன்னேனாம்."

என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அதுதான். அவன் அதை மறந்துவிட்டான் என்பதைவிட, அவன் அதை அத்தனை லேசாகச் சொன்னதுதான் என்னைக் குழப்பியது. நான் அதைப் பாறை என்று நினைத்துக் காலை ஊன்றியிருந்தேன். பிறகு பல நாட்கள், ஜன்னல், ஆம்புலன்ஸ், கட்டில் கம்பி என்று அந்த மாலையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அவன் குரலும் இருந்தது. ஆனால் அதை நான் கேட்டேன் என்பதற்கு நான் மட்டும்தான் சாட்சி.

அதை விஜயத்திடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"ஒரு தடவை அடிச்சா மிஸ்டு கால்" என்றாள். "அப்படித்தானே பேசி வச்சோம்?"

"ஆமா."

"நீங்க ரெண்டு தடவை அடிச்சீங்க."

துருவிய பூவை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டாள்.

"ரெண்டாவது தடவை மணி அடிச்சப்ப எனக்குத் தெரியும். ஏதோ கேக்கத்தான் கூப்பிடுதீங்கன்னு தெரியும். பேரைப் பாத்துக்கிட்டே நின்னேன். எடுத்தா நான்தான் சொல்லணும். நிப்பாட்டச் சொன்னா அவன் எந்திரிச்சு என்னைக் கேப்பான். செய்யச் சொல்லி அவன் போயிட்டான்னா..." துருவல் நின்றது. "கட் பண்ணிட்டுத் தேங்காயை எறிஞ்சேன். அது உடைஞ்சுது. உடைஞ்சதுக்கு அப்புறம், சாமி பாத்துக்கிடும், நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு வந்தேன்."

"இத்தனை நாள் என்னைத் திட்டினியே."

"பின்னே வேற ஆரைத் திட்ட?" என்றாள். மூடியைத் திருப்பிப் பிடித்து மறுபடி துருவத் தொடங்கினாள். "உங்க காலுதானே?"

"ரெண்டு பேர் காலு" என்றேன்.

அவள் துருவிக்கொண்டே இருந்தாள். நான் அடுப்படியை விட்டுப் போகவில்லை. அவள் போகச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவை இவை. நம்பி அதே லாட்ஜில் இருக்கிறான். தச்சரை வைத்து ரிசப்ஷன் மேஜையின் உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள். பாதி நேரம் நிற்கிறான், பாதி நேரம் உட்காருகிறான். இடது கால் விரல்கள் கொஞ்சம் அசைகின்றன, பாதம் எழுவதில்லை. செருப்புக்குப் பதில் ஷூ போட்டு உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்துக்கொள்கிறான். இதய வால்வின் கசிவு கூடியிருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மறுபடி அந்த டியூப் வேண்டும். ஸ்ரீலட்சுமி இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், இப்போதைக்கு மாத்திரையில் ஓட்டுவோம் என்கிறார். அனூப் கோழிக்கோட்டுக்கு மாறிவிட்டார். ஞானையன் ஒரு முழங்காலோடு போதும் என்று சொல்லிவிட்டாராம். செல்லபாய் எப்போதாவது போன் செய்து, அன்றைக்கு நான் கும்பிட்டதைப் பற்றிப் பேசுகிறாள். விஜயத்துக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, மற்றபடி சுகம். நான் ஏஜீஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன்.